கெபியின் கம்பியில் ஓடியது

புக்கிட் பாஞ்சாங்
27.6.1985, வியாழன்

மதலேனா அக்காவுக்கு,

உங்கள் பிளாக் கீழே இருக்கும் நூர்தீன் கடைக்கு மூன்று தடவை போன் பண்ணிவிட்டேன். மூன்றாவது தடவை நீ பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இல்லன்னு சொல்லுங்க பாய்" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இனிமேல் வீட்டு வாசலை மிதிக்காதே என்று செவ்வாய்க்கிழமை அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாய். சரி. தபால்காரனை நீ விரட்ட முடியாது. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

நவநாள் செபத்தின் நடுவில் நான் பிளக்கைப் பிடுங்கினேன். சாமி சிலை நிற்கும் கெபி முழுக்க இருண்டது, ஜனம் திடுக்கிட்டது, பாட்டு நின்றது. அதற்காக மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாயா? கேட்க மாட்டேன். மறுபடி பார்த்தால் மறுபடி பிடுங்குவேன்.

நான் அத்தானைப் பார்க்கத்தான் வந்தேன். வீட்டில் யாரும் இல்லை, கெபிக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வந்து பார்த்தால் என்ன காட்சி! அப்போதுதான் கழுவிவிட்ட தரை. ஈரம் சொதசொதவென்று கிடக்கிறது. அத்தனை பேரும் வெறுங்காலோடு வரிசையில் நிற்கிறார்கள். ஆரோக்கியநாதர் சுரூபத்துக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கிராதியில் அத்தானுடைய வலது கையை வைத்து, அதன் மேல் உன் கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாய். பெப்ரவரியில் பக்கவாதம் வந்து செத்துத் தொங்கிய கை. அதன் விரல்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. நீ அழுதுகொண்டே, "பாருங்க, அசையுது பாருங்க!" என்று கத்துகிறாய். பின்னால் நின்றவர்கள் கைகூப்புகிறார்கள்.

நான் புறங்கையால் கிராதியைத் தொட்டேன். பத்தொன்பது வருஷமாக ஒயரிங் வேலை பார்க்கிறவன் நான். தொட்டதுமே தெரிந்தது, அது கரண்ட். சுரூபத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் டியூப் லைட் லீக் ஆகிறது. அங்கிருந்து கூண்டின் இரும்புச் சட்டத்துக்கு வருகிறது. சட்டத்திலிருந்து கிராதிக்கு, கிராதியிலிருந்து அத்தான் உடம்பு வழியாக ஈரத் தரைக்கு. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கமிட்டி செயலாளர் மரியஅந்தோணி என் சட்டையைப் பிடித்து, "பைத்தியமா லா உனக்கு? சாமிகிட்ட வந்து சேட்டை பண்றே!" என்றான். நீ அவனைத் தடுக்கவில்லை. அதுவும் போகட்டும்.

அந்த விளக்கைப் பழுது பார்க்கும்வரை போடக்கூடாது. அத்தானை அங்கே கூட்டிப் போகாதே. ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் கைக்குப் பயிற்சி கொடுத்தார்களே, அதை நிறுத்திவிட்டாயாம். எவனைக் கேட்டு நிறுத்தினாய்?

லாசரஸ்


ஃபேரர் பார்க்
1.7.1985

லாசரஸ்,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

எவனைக் கேட்டு நிறுத்தினாய் என்றா கேட்கிறாய்? நீ யாரடா கேட்க? பெப்ரவரியிலிருந்து இந்த வீட்டுக்கு எத்தனை தடவை வந்தாய்? நான் எண்ணி வைத்திருக்கிறேன், நாலு தடவை. அதில் ஒரு தடவை டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டாய். அவருக்குச் சோறு ஊட்டுவது நான், குளிப்பாட்டுவது நான், விடியற்காலையில் எழுந்து அதையெல்லாம் முடித்துவிட்டுப் பள்ளிக்கூடக் கேண்டீனுக்கு ஓடுவது நான். எங்கள் நாலாவது மாடியில் லிஃப்ட் நிற்காது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் வின்ச் ஓட்டிக் கப்பல் சரக்குத் தூக்கிய மனுஷனைப் படிப்படியாக உட்கார வைத்து உட்கார வைத்து இறக்குவது நான்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் இரண்டு மாதம் அந்தக் கையை மடக்கினாள், நீட்டினாள். ஒரு விரல் அசைந்ததா? ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், மனசு வெறுத்துப்போய்க் கெபியில் நின்றேன். அவர் கையை எடுத்துக் கிராதியில் வைத்தேன். நடுவிரல் துடித்தது. என் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது செவ்வாய் மூன்று விரல். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷமாவது நினைத்துப் பார்த்தாயா? நீ எங்கே நினைக்கப் போகிறாய், நீ பிளக்கைப் பிடுங்குகிறவன்.

எனக்கு மட்டுமில்லை. தொட்ட எல்லாருக்கும் கை சிலிர்க்கிறது. பஃபலோ ரோட்டில் பூ விற்கிற ரத்தினம்மா நெற்றியில் விபூதியோடுதான் வருகிறாள். "தொட்டா உள்ளுக்குள்ள ஓடுதுக்கா, முட்டி வலி பாதி போச்சு" என்கிறாள். அவளுக்கு என்ன, பொய் சொன்னால் காசா கொடுக்கிறோம்?

கரண்ட் என்கிறாயே, அந்த விளக்கு பத்து வருஷமாக எரிகிறது. பத்து வருஷமாக ஏன் கரண்ட் ஓடவில்லை? அதைப் போட்டது யார் என்றும் சொல்லட்டுமா? உனக்கு வேலை நிரந்தரமானதும் வேண்டுதல் என்று நீயேதான் ஏணி போட்டு ஏறி மாட்டினாய். அன்றைக்கு உன் வேலையை மெச்சி எல்லாரும் கைதட்டினார்கள். இன்றைக்கு அதே விளக்கைக் காட்டிச் சாமியையே பொய்யாக்கப் பார்க்கிறாய்.

கெபி வளவுக்குள் நீ கால் வைக்கக் கூடாது என்று கமிட்டி முடிவு. நானும் கை தூக்கினேன். ஆகஸ்ட் பதினாறு திருநாள். நீ இல்லாமலே நடக்கும்.

மதலேனா


புக்கிட் பாஞ்சாங்
6.7.1985

அக்கா,

ஆமாம், நான்தான் போட்டேன். அதைச் சொல்லிக் குத்தினால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று நினைத்தாயா? குத்து, நன்றாகக் குத்து. அன்றைக்கு அந்த பாயின்ட்டில் எர்த் ஒயர் இல்லை. இரண்டு ஒயரை மட்டும் வைத்து மாட்டினேன். அடுத்த மாதம் வந்து மூன்று ஒயர் இழுத்து எர்த் கொடுத்துவிடுகிறேன் என்று ஃபாதரிடம் சொன்னேன். அந்த அடுத்த மாதம் பத்து வருஷமாக வரவில்லை. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அதனால்தான் அன்றைக்கு எனக்கு அப்படிப் பதறியது.

பத்து வருஷமாக ஏன் ஓடவில்லை என்று கேட்டாயே, அது நியாயமான கேள்வி. டியூப் லைட்டோடு சோக் என்று ஒரு கனமான பெட்டி இருக்கும். உள்ளே கம்பிச் சுருள், வெளியே இரும்பு, நடுவில் காகிதமும் வார்னிஷும். சூட்டிலும் ஈரத்திலும் அந்தக் காகிதம் இற்றுப்போகும். இற்றுப்போனால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். இந்த வருஷம் அது ஆரம்பித்திருக்கிறது. எர்த் இருந்திருந்தால் மண்ணுக்குள் போயிருக்கும். இல்லாததால் தொடுகிற ஆள் வழியாகப் போகிறது.

நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய். நானும் உள்ளே வரக்கூடாது. ஆகவே நீயே அளந்து பார். இந்தப் பார்சலில் என் மல்டிமீட்டர் இருக்கிறது. கீழே போட்டு உடைத்துவிடாதே.

கோபத்தில் வரி தாண்டிப் படிக்காதே, இது விளையாட்டில்லை. மீட்டரின் இரண்டு ஒயருக்கும் நடுவில் கறுப்பு டேப் சுற்றி ஒரு சிறு கட்டை கட்டியிருக்கிறேன். உள்ளே ஆயிரத்து ஐந்நூறு ஓம் ரெசிஸ்டர். மனுஷ உடம்பு நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. அதைக் கழற்றாதே. அது இல்லாமல் அளந்தால் ஆபத்தில்லாத இடத்தில்கூட மீட்டர் நூறு, நூற்றிருபது என்று காட்டிப் பயமுறுத்தும். குமிழை ஏ.சி. 250 என்ற இடத்தில் வைத்து அனுப்பியிருக்கிறேன். மில்லியாம்ப் என்று எழுதியிருக்கும் பக்கம் திருப்பவே திருப்பாதே. அங்கே திருப்பினால் மீட்டர் வெறும் கம்பி மாதிரி ஆகிவிடும், பெரிய லீக்காக இருந்தால் வெடித்துவிடும். அந்தப் பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன்.

தரை காய்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. கையை நன்றாகத் துடைத்துக்கொள். ரப்பர் செருப்பைக் கழற்றாதே. கெபியில் செருப்பா என்று குதிக்காதே, அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடு. கறுப்பு கிளிப்பைத் தரையோடு சேர்ந்த இரும்பில் மாட்டு. சிவப்பு கிளிப்பைக் கிராதியில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டு. எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி வந்து, அதற்கப்புறம் பிளக்கைச் சொருகி சுவிட்ச் போடு. கரண்ட் இருக்கும்போது ஒன்றையும் தொடக்கூடாது. மீட்டர் முள் வேகமாகத் தாவினால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடு. மெல்ல அசைந்தாலோ அசையாவிட்டாலோ, அணைத்து, பிடுங்கி, குமிழை 10-க்குத் திருப்பி மறுபடி போட்டுப் பார். அது இரண்டு பின் பிளக், எப்படிச் சொருகினாலும் போகும். ஆகவே புரட்டிச் சொருகி இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும்.

முக்கால் வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நான் கமிட்டி முன்னால் வந்து உன் காலில் விழுகிறேன்.

லாசரஸ்


ஃபேரர் பார்க்
12.7.1985

லாசரஸ்,

எப்போது வருகிறாய் காலில் விழ? நாள் சொல்லிவிட்டால் மாலை வாங்கி வைக்கிறேன்.

புதன்கிழமை கேண்டீன் வேலை முடிந்து மத்தியானம் ரத்தினம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு போனேன். நீ எழுதிய தாளை அவள் கையில் கொடுத்து வரிவரியாக வாசிக்கச் சொன்னேன். ரப்பர் செருப்பு போட்டேன், ஆரோக்கியநாதரிடம் ஆயிரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் போட்டேன். 250-இல் முள் அசையவில்லை. 10-இல் அசையவில்லை. பிளக்கைப் புரட்டிச் சொருகினேன், அப்போதும் அசையவில்லை. ரத்தினம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உங்க தம்பிக்கு வேற வேல இல்லயாக்கா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பத்தொன்பது வருஷம் ஒயரிங் பார்க்கிறாயாம்! உன் சொந்த மீட்டரே உன்னைப் பொய்யன் என்கிறது.

கறுப்பு கிளிப்பைத் தவறாக மாட்டியிருப்பேன் என்று நீ சொல்லுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? தரையோடு சேர்ந்த இரும்பு என்று எழுதியிருந்தாய். அந்த வளவில் தரைக்குள் போகிற இரும்பு ஒன்றே ஒன்றுதான், வாசலில் ஜனங்கள் கால் கழுவுகிற குழாய். கால் கழுவுகிற குழாயையும் ஆரோக்கியநாதரின் கிராதியையும் ஒரு ஒயரால் கட்ட எனக்கு மனசு வருமா? மெழுகுதிரி ஸ்டாண்டில் மாட்டினேன். அதுவும் நல்ல கனமான பித்தளை, தரையில்தான் நிற்கிறது, ஃபாதர் மந்திரித்தது.

இந்தச் செவ்வாயும் அவரைக் கூட்டிப் போவேன்.

மதலேனா


புக்கிட் பாஞ்சாங்
15.7.1985

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், பக்கத்தில் வேலை செய்தவன் என்ன ஆச்சு என்று கேட்டான்.

மெழுகுதிரி ஸ்டாண்டா? அது டைல்ஸ் மேல் நாலு ரப்பர் காலில் நிற்கிறது. மந்திரித்துவிட்டால் பித்தளை மண்ணுக்குள் வேர் விட்டுவிடுமா? போவதற்கு வழி இல்லாத இடத்தில் கரண்ட் எப்படிப் போகும், முள் எப்படி அசையும்? நீ அளக்கவே இல்லை. கிளிப்பை அந்தரத்தில் மாட்டிவிட்டு என்னைப் பொய்யன் என்கிறாய். குழாய் என்று நான் பச்சையாக எழுதியிருக்க வேண்டும், அது என் தப்பு. எழுதியிருந்தாலும் நீ மாட்டியிருக்க மாட்டாய்.

ஆரோக்கியநாதர் யார் என்று எனக்குப் பாடம் எடுத்தவள் நீ. கொள்ளைநோய் வந்து தெருவில் கிடந்தவர்களின் புண்ணைக் கழுவியவர் என்று நீதான் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தாய். அவரா கால் கழுவுகிற தண்ணீரைப் பார்த்து முகம் சுளிப்பார்? உனக்குத்தான் சுளிக்கிறது.

குழாயில் மாட்டு. துருவைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிகிற இடத்தில் மாட்டு. மற்ற எல்லாம் முன்னால் எழுதியபடியே. ஒன்றையும் விடாதே.

நாளைக்குச் செவ்வாய். இந்தக் கடிதம் நாளைக்குள் வந்து சேராது. நூர்தீன் கடைக்கு மறுபடி போன் பண்ணினேன். நீ இல்லையாம்.

லாசரஸ்


ஃபேரர் பார்க்
26.7.1985

தம்பி,

ஒன்பது.

புதன்கிழமை போனேன், தனியாக. ரத்தினம்மாவைக் கூப்பிடவில்லை. குழாயைச் சுரண்டி மாட்டினேன். 250-இல் முள் லேசாக நடுங்கியது. 10-க்குத் திருப்பிப் போட்டேன். முள் எழுந்து போய் ஒன்பதில் நின்றது. பிளக்கைப் புரட்டிச் சொருகினால் இரண்டு. மறுபடி பழையபடி சொருகினேன், ஒன்பது. மூன்று தடவை பார்த்தேன். விளக்கை அணைத்தால் பூஜ்யம், போட்டால் ஒன்பது. சாமி என்றால் விளக்கை அணைத்தாலும் இருக்க வேண்டுமே. அந்தச் செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சந்தோஷமா உனக்கு? ஜெயித்துவிட்டாய் அல்லவா? மூன்று மாதமாக அந்த மனுஷனைச் செவ்வாய்க்கிழமைதோறும் படியில் இறக்கி, குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டிப்போய், நான் என் கையாலேயே அவர் கையை எதில் வைத்து அழுத்தினேன்? உன் பழைய டியூப் லைட்டில்! உன் பத்து வருஷச் சோம்பேறித்தனத்தில்! நீ மூன்றாவது ஒயரை அன்றைக்கே இழுத்திருந்தால் எனக்கு இந்த ஆசையே வந்திருக்காது. ஆசை காட்டி மோசம் பண்ணுவது என்றால் இதுதான். உன்னை நினைத்தால் பற்றி எரிகிறது, என்னை நினைத்தால் அதைவிட எரிகிறது.

அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். போன செவ்வாய் நாலு விரலும் அசைந்தன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து இடது கையால் தானாகவே டம்ளரை எடுத்துக் குடித்தார். இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார்.

ஒன்று கேட்கிறேன், கத்தாமல் படி. நீ அளவு தெரிந்தவன். முழுசாக நிறுத்தாமல், தொட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாத அளவுக்கு, அவர் விரல் மட்டும் அசைகிற அளவுக்குக் கொஞ்சம் விட்டுவைக்க முடியாதா? மற்றவர்கள் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும். அவருக்காக.

அக்கா


புக்கிட் பாஞ்சாங்
29.7.1985

அக்கா,

முடியாது. முடியாது. முடியாது.

கொஞ்சம் விட்டுவைக்க இது என்ன, குழம்பில் உப்பா? ஒன்பதை ஆயிரத்து ஐந்நூறால் வகுத்துப் பார், ஆறு மில்லியாம்ப் வருகிறது. பத்து, பன்னிரண்டு ஆனால் பிடித்த கையை நல்ல மனுஷனாலேயே விட முடியாது. அத்தானுக்கு விடுவதற்குச் சக்தியே இல்லை, மேலே உன் கை வேறு அமுக்கிக்கொண்டிருக்கிறது. இற்றுப்போன காகிதம் இன்றைக்கு ஆறு கசியும், நாளைக்கு மழை பெய்தால் எத்தனை என்று அந்த ஆரோக்கியநாதருக்கும் தெரியாது. மொத்தமாகக் கிழிந்துவிட்டால் முழு 230 வோல்ட்டும் கிராதியில் நிற்கும். திருநாள் அன்றைக்கு எத்தனை நூறு பேர் வெறுங்காலோடு வருவார்கள், எத்தனை குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தக் கிராதியில் முத்தம் கொடுக்க வைப்பார்கள், யோசி. அப்படி ஒன்று நடந்தால் அதற்குக் காரணம் நான். எனக்குத் தெரிந்த பிறகும் நீ விளக்கைப் போட விட்டால் நீயும்.

ஜெயித்தாயா என்று கேட்டாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதை ஜெயித்தேன் நான்?

சனிக்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த வெள்ளைச் சட்டைப் பெண்ணைப் பார்த்தேன். அத்தான் பெயரைச் சொன்னதும் நோட்டைத் திறந்து, "இவர் பதினஞ்சு தடவ வரலயே!" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கரண்டுக்குத் துடிக்கிற தசை சாகவில்லையாம். தசையை அவர்களும் கரண்ட் கொடுத்துத்தான் எழுப்புகிறார்களாம், ஆனால் அதற்கென்று அளந்து கொடுக்கிற மெஷின் இருக்கிறது, அது தரைக்குப் போகாது, நெஞ்சு வழியாகப் போகாது. இன்னும் காலம் கடந்துவிடவில்லை, ஆனால் வரவேண்டும் என்றாள். நீ நவநாளை விட மாட்டாய் என்று தெரிந்து வியாழக்கிழமை காலை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

மூன்றாம் தேதி சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மூன்று ஒயரும் புது சோக்கும் எடுத்துக்கொண்டு கெபிக்கு வருகிறேன். மரியஅந்தோணியிடம் சொல்லிவை. கேட்டைப் பூட்டினால் அன்றைக்கே கரண்ட் போர்டு பி.யு.பி.க்கு எழுதிப் போடுவேன். அதுவரை விளக்கு எரியக் கூடாது. அத்தானிடம் நீ சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன்.

லாசரஸ்


ஃபேரர் பார்க்
21.8.1985, புதன்

தம்பி,

மூன்றாம் தேதி நீ ஏணியில் ஏறியபோது நான்தான் கீழே பிடித்துக்கொண்டேன்.  மரியஅந்தோணி கையைக் கட்டிக்கொண்டு தூண் மாதிரி நின்றான். விளக்கு ஒரு வாரமாக எரியாததற்கு அவன் என்னை என்ன பேச்சுப் பேசினான் என்று உனக்குத் தெரியாது. பிளக்கை நான் ஒயரிலிருந்து கழற்றிக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன், கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நீ வேலை முடித்து, குழாயில் கிளிப்பை மாட்டி, என்னைக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினாய். முள் எழவே இல்லை. பார்த்தேன். வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, நீயும் அத்தானைப் பார்க்காமல் போய்விட்டாய். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று உன்னிடம் கெஞ்சியதற்காகப் போனாய், தெரியும். ஆனால் நான் சொல்லவில்லை. ஆறாம் தேதி மழை என்றேன். பதிமூன்றாம் தேதி எனக்குக் காய்ச்சல் என்றேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகவில்லை. அங்கே போனால் ஏன் என்று கேட்பாரே.

திருநாள் நடந்தது. நல்ல மழை, நல்ல கூட்டம். எல்லாரும் தொட்டார்கள், முத்தம் கொடுத்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இப்ப ஒண்ணுமே தெரியலயே லா" என்று முணுமுணுத்தார்கள். ரத்தினம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மல்லிகைப்பூவைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

நேற்று அவர் விடவில்லை. விடிந்ததிலிருந்து வெள்ளைச் சட்டையைக் காட்டிக்கொண்டே இருந்தார். கூட்டிப் போனேன். கையை எடுத்துக் கிராதியில் வைத்தேன். ஒன்றுமில்லை. அழுத்தினேன். இரும்பு வெறுமனே குளிர்ந்துகிடந்தது. அவர் விரலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் உளற ஆரம்பித்தேன். இன்னிக்கு நீங்க செபம் சரியாச் சொல்லல, நான் மனசு சுத்தமா வரல, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன்.

அவர் கோணின வாயால், ஒவ்வொரு சொல்லாக, "லாசரஸ்... எர்த்து... போட்டுட்டானா?" என்றார்.

கிராதியிலிருந்து அவர் கையை எடுத்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். முதல் நாளே தெரியுமாம். கப்பலில் வின்ச் லீக் ஆனால் இப்படித்தான் இருக்குமாம், எத்தனை தடவை ஷாக் வாங்கியிருக்கிறேன் என்கிறார். அப்புறம் ஏன் சொல்லவில்லை, வாய்தான் கோணிவிட்டது, தலையை ஆட்டவாவது முடியாதா என்று கத்தினேன். சுற்றி ஆள் நின்றதெல்லாம் என் கண்ணில் படவில்லை.

"நீ சிரிச்ச," என்றார். "பெப்ரவரிக்கு அப்புறம்... அன்னிக்குத்தான் சிரிச்ச."

அதற்காகவா? நான் சிரித்ததற்காகவா அந்த மனுஷன் பதினைந்து செவ்வாய்க்கிழமை படியிறங்கி வந்து அந்தக் கையைக் கொடுத்தார்? செத்துப்போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மற்ற ஜனத்தை நினைத்தாரா, பிள்ளைத்தாய்ச்சிகளெல்லாம் தொட்டார்களே, அதைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அழுதார். சாமி முன்னால் நிற்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ பத்து வருஷம் ஒரு ஒயர் இழுக்கவில்லை, அவர் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தார், இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் முட்டாள். ஒருத்திக்கு ஒரு வார்த்தை உண்மை சொல்ல இந்த வீட்டில் ஆம்பளை இல்லை.

இன்றைக்கும் அவரோடு பேசவில்லை. சோறு ஊட்டினேன், முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை இருபத்தொன்பதாம் தேதி எட்டு மணிக்கு வா. நாலாவது மாடியிலிருந்து அவரைத் தனியாக இறக்க இனிமேல் என்னால் ஆகாது, இடுப்பு போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நான் உங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டுதான் வருவேன். நீ பதில் பேசக் கூடாது, அவருக்கும் சொல்லிவிட்டேன்.

அக்கா